அப்பா போகும் டயாலிசிஸ் சென்டர் எப்படி இருக்கிறது?

வில்லிவாக்கம், அயனாவரம், கொளத்தூர், பெரம்பூர் பக்கம் வீட்டில் யாருக்காவது டயாலிசிஸ் ஆரம்பிக்கச் சொல்லியிருந்தால், இல்லை இப்போது போகிற இடம் சரிப்படவில்லை என்று மாற்ற நினைத்தால், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அயனாவரத்தில் ஒரு தெருவுக்குள்ளே, முதல் மாடியில், பத்துப் பன்னிரண்டு மெஷின் மட்டும் உள்ள ஒரு சின்ன சென்டருக்கு அப்பா வாரம் மூன்று நாள் போய்வருகிறார். பெயரை இங்கே போடவில்லை. குறைகளையும் எழுதப்போகிறேன், அப்பா நாளைக்கும் அங்கேதான் போய்ப் படுக்க வேண்டும். நீங்கள் எந்த சென்டருக்குப் போனாலும் எதைக் கேட்கவேண்டும், எதைப் பார்க்கவேண்டும் என்பதற்கு இது உதவும்.

இடம் நல்ல இடம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெஷின் எல்லா ஊரிலும் கிட்டத்தட்ட ஒரே வேலையைத்தான் செய்கிறது. இவர்கள் அப்பாவுக்கு அவர் வேலையைக் கற்றுக்கொடுத்தார்கள், எங்களுக்கு எங்கள் பங்கை மட்டும் கொடுத்தார்கள், எனக்குப் பிடித்தது அதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு தடவைக்கு 4 மணி என்று மூன்று நாள் போனால் மெஷினில் 12 மணி நேரம். மீதி 156 மணி நேரமும் வீட்டில்தான் ஓடுகிறது. அந்த நேரத்தை எப்படி ஓட்டுவது என்று சொல்லித்தராத இடத்துக்கு எவ்வளவு பெரிய போர்டு இருந்து என்ன?

இதற்கு முன்னால் ஒரு பெரிய மருத்துவமனையில் போட்டுக்கொண்டிருந்தோம். பளபளவென்று இருக்கும், மெஷின்கள் புதுசு, ஊசி போடுகிறவர்களும் கைதேர்ந்தவர்கள். ஆனால் கூட வந்தவர்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியேதான். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து போனதே தெரியாது, கடைசியில் கையில் ஒரு பில்லும் சீட்டும் வரும். "தண்ணி கம்மியா குடிக்கச் சொல்லுங்க" என்பார்கள், எவ்வளவு கம்மி என்று கேட்டால் "கம்மியா" என்பார்கள். அப்பா இரண்டு நாள் இடைவெளிக்கு அப்புறம் மூன்றரை, நாலு கிலோ ஏறிப் போவார், நாலு மணி நேரத்தில் அத்தனையையும் இழுப்பார்கள், கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு துடிப்பார், பி.பி. இறங்கிக் கண் சொருகும். அறுபது கிலோ ஆளுக்கு நாலு மணி நேரத்தில் மூன்று லிட்டருக்கு மேல் நீர் எடுத்தால் இதயத்துக்கே பாரம் என்று இங்கே வந்த பிறகுதான் ஒருவர் உட்காரவைத்து எங்களுக்குச் சொன்னார்.

புது சென்டரில் முதல் நாள் சீனியர் சிஸ்டர் எங்கள் யாரையும் பார்க்கவில்லை, நேராக அப்பாவைக் கேட்டார். "அப்பா, உங்க டிரை வெயிட் எவ்வளவு?" உடம்பில் தேங்கிய நீரையெல்லாம் எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை அது. அப்பா அம்மாவைப் பார்த்தார், அம்மா என்னைப் பார்த்தார், நான் ஃபைலைத் திறந்தேன். சிஸ்டர் ஃபைலை வாங்கி மூடி வைத்துவிட்டு, "இது உங்க நம்பர்ப்பா, உங்களுக்குத்தான் தெரியணும்" என்று சொல்லி ஒரு நோட்டைக் கையில் கொடுத்தார். சாதாரண நாற்பது பக்க நோட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது. தேதி, காலை எடை, பி.பி., குடித்த தண்ணீர், போன சிறுநீர், ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் செய்த ரத்தக்குழாய் இணைப்பு) சரியா, டயாலிசிஸுக்கு முன் எடை, பின் எடை. கடைசிக் கட்டம் பெரிதாக இருக்கும், அதில் மனசில் பட்டதை எழுதலாம். கூட வருகிறவர்கள் இதில் எழுதக்கூடாது என்பது இங்கே கண்டிப்பு. கை நடுங்கினாலும் கிறுக்கலாக இருந்தாலும் நோயாளிதான் எழுத வேண்டும், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல டெக்னீஷியன் எழுதிக்கொள்வார்.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர், அளவு என்றால் அவருக்கு உயிர். இந்த நோட்டு அவர் கையில் வந்ததும் ஆளே மாறிப்போனார். தினமும் காலையில் பாத்ரூம் போய்வந்து, டீ குடிப்பதற்கு முன்னால், அதே லுங்கியோடு எடை மெஷினில் ஏறி நிற்பார். ஒரு பாயிண்ட் கூடினால் நேற்று என்ன சாப்பிட்டோம் என்று அவரே பின்னால் போய்த் தேடுவார். எல்லாருடைய அப்பாவும் இப்படி இருக்க மாட்டார்கள், எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த நோட்டை வாரம் ஒரு தடவை டாக்டர் அவருக்கு எதிரே உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார் பாருங்கள், அதுதான் ஒருத்தரை எழுதவைக்கிறது. யாரும் படிக்காத நோட்டை யார் எழுதுவார்கள்?

ஃபிஸ்டுலா விஷயத்தில் இவர்கள் காட்டுகிற அக்கறைக்குத் தனியாகக் கும்பிடு போடலாம். கையில் ரத்தக்குழாய் இரண்டை இணைத்துச் செய்கிற அந்தச் சின்ன ஆபரேஷன்தான் டயாலிசிஸ் ஆளுக்கு உயிர்நாடி, அது ஊசி தாங்குகிற அளவுக்குத் தேற ஆறு வாரம் முதல் சில மாதம் ஆகும், அதுவரை கழுத்தில் போடுகிற கதீட்டர் குழாயில் தொற்றுப் பயம் எப்போதும் உண்டு. சிஸ்டர் அம்மாவின் மூன்று விரலை எடுத்து அப்பாவின் இடது கையில் தழும்புக்கு மேலே மெதுவாக வைத்தார். பூனை மடியில் படுத்துக் குர்ரென்று உறுமுமே, அந்த மாதிரி ஒரு அதிர்வு தெரிந்தது. அம்மா சட்டென்று கையை எடுத்துக்கொண்டு, அப்புறம் திரும்ப வைத்தார். காலையில் எழுந்ததும், ராத்திரி படுக்கும்போதும் அப்பாவே அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும், அதிர்வு இல்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே போன் செய்ய வேண்டும், அடைப்பு என்றால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். அந்தக் கையில் பி.பி. பார்க்கக்கூடாது, ரத்தம் எடுக்கக்கூடாது, வாட்ச் கட்டக்கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக்கூடாது, தலைக்குக் கீழே மடக்கிப் படுக்கக்கூடாது. மெஷினில் போடுவதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டியதும், ஊசியை எடுத்த பிறகு கையுறை மாட்டிக்கொண்டு அழுத்திப் பிடிக்க வேண்டியதும் அப்பாவே. பத்துப் பதினைந்து நிமிஷம் இடையில் எடுத்துப் பார்க்காமல் பிடிக்க வேண்டும், ரத்தம் உறையாமல் இருக்க ஹெபாரின் போட்டிருப்பதால் சீக்கிரம் நிற்காது. போன மாதம் ஒரு லேபில் அந்தக் கையிலேயே பட்டையைச் சுற்ற வந்தார்கள், நான் வாய் திறப்பதற்குள் அப்பா "அந்தக் கை கூடாதுப்பா, இதுல பாரு" என்று வலது கையை நீட்டிவிட்டார்.

தண்ணீர் கணக்கு. இதுதான் எல்லா வீட்டிலும் சண்டை வருகிற இடம். பொதுவாக, ஒரு நாளில் போகிற சிறுநீரின் அளவோடு அரை லிட்டர் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்கிறார்கள், அவரவர் உடம்புக்கு டாக்டர் சொல்வதுதான் முடிவு. அப்பாவுக்கு எண்ணூறு மில்லி. காலையில் ஒரு பாட்டிலில் எண்ணூறு பிடித்து வைத்துவிடுவார். காபி குடித்தால் அந்த அளவு தண்ணீரை பாட்டிலிலிருந்து செடிக்கு ஊற்றிவிடுவார், மோர், ரசம், கஞ்சி, ஐஸ்கட்டி எல்லாம் இதே கணக்கு. பாட்டிலில் இருப்பதுதான் இன்றைக்கு மிச்சம், கண்ணுக்குத் தெரிகிறது, யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. தாகத்துக்கு மூலகாரணம் உப்பு, சுகர் ஏறியிருந்தாலும் நாக்கு வறளும், அதனால் தண்ணீரை அடக்குவதற்கு முன்னால் உப்பை அடக்குங்கள் என்று சொன்னார்கள். கத்திரி வெயிலில் சென்னையில் இது பெரிய பாடுதான். வாய் கொப்பளித்துத் துப்புவது, எலுமிச்சைத் துண்டைச் சப்புவது, பெரிய சொம்பைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு சின்ன டம்ளரில் குடிப்பது என்று ஒவ்வொருவரும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள், அதையெல்லாம் சுவரில் ஒரு தாளில் நோயாளிகளே எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

அம்மாவிடம் சிஸ்டர் சொன்ன ஒன்றை இங்கே எழுதியே ஆக வேண்டும். அம்மா வழக்கம்போல, "ராத்திரி எழுந்து திருட்டுத்தனமா தண்ணி குடிக்கிறார் சிஸ்டர், நல்லா திட்டுங்க" என்றார். சிஸ்டர் சிரிக்கவில்லை. "திட்டாதீங்கம்மா. திட்டினா மறைச்சுக் குடிப்பார். மறைச்சா நோட்டுல நம்பர் தப்பா வரும், அப்புறம் நாங்க தப்பா தண்ணி எடுப்போம். குடிச்சா குடிச்சேன்னு சொல்ற மாதிரி வீட்ட வைங்க" என்றார். அம்மா நாலு வருஷமாக சுகர், பி.பி., மாத்திரை, பத்தியம் என்று அப்பாவுக்குக் காவல் நின்றவர். அந்தக் காவலில் இரண்டு பேரும் களைத்துப் போயிருந்தார்கள், அது வெளியே இருக்கிற ஒருத்தருக்கு உடனே தெரிந்துவிட்டது. குடும்பம் அக்கறையாக இருக்கிறது என்று நாம் நினைக்கிற பல விஷயம் நோயாளியைக் குழந்தையாக்கி மூலையில் உட்காரவைத்துவிடுகிறது. மாத்திரையைப் பிரித்து வாயில் போடுவது, டாக்டர் கேட்டால் நாமே பதில் சொல்வது, "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, நீங்க சும்மா இருங்க" என்பது. இப்போது வாரத்துக்கான மாத்திரைப் பெட்டியை ஞாயிற்றுக்கிழமை அப்பாவே நிரப்புகிறார், நான் ஒரு பார்வை பார்ப்பதோடு சரி.

மாதம் ஒரு தடவை சென்டரில் குடும்ப வகுப்பு வைக்கிறார்கள். டயட்டீஷியன் நம் சமையலறை தெரிந்தவர், ஓட்ஸ், ஆலிவ் ஆயில் என்று ஆரம்பிப்பதில்லை. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும் என்பதைச் சொல்லிவிட்டு, இளநீர், வாழைப்பழம், சாத்துக்குடி, உருளைக்கிழங்கு, கீரை, தக்காளி என்று ஒவ்வொன்றாக எடுத்து எது அறவே வேண்டாம், எதைச் சின்ன அளவில் எப்படிச் சாப்பிடலாம் என்று சொன்னார். காய்கறியைச் சின்னதாக நறுக்கி, நிறைய தண்ணீரில் ஊறவைத்து, அதைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் வடித்துவிட்டுத் தாளிப்பது என்பதை அம்மா வீட்டில் அன்றைக்கே செய்து பார்த்தார். அப்பளம், ஊறுகாய், வடகம், கருவாடு எல்லாம் உப்பு மூட்டை. 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் விற்கிறார்களே, அதில் சோடியத்துக்குப் பதிலாக பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள், சிறுநீரகம் போனவர்களுக்கு அது ஆபத்து, நல்லது என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். ஸ்டார் ஃப்ரூட் பக்கமே போகக்கூடாது, ஒரு பழம்கூட இவர்களுக்கு விஷமாகலாம். பாஸ்பரஸுக்குத் தருகிற மாத்திரை சாப்பாட்டோடு சேர்ந்து உள்ளே போனால்தான் வேலை செய்யும், ஒரு மணி நேரம் கழித்துப் போட்டால் வீண்.

புரதம் பற்றிச் சொன்னது எங்களுக்குப் புதுசு. டயாலிசிஸ் ஆரம்பிப்பதற்கு முன்னால் புரதத்தைக் குறைக்கச் சொல்வார்கள், ஆரம்பித்த பிறகு நேர்மாறு, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமுக்கு மேலேயே தேவைப்படும். பழைய சீட்டைப் பார்த்துப் பார்த்து அம்மா முட்டையைப் பூட்டி வைத்திருந்தார், இப்போது தினமும் இரண்டு வெள்ளைக்கரு. அப்புறம் எங்கள் வீட்டில் அப்பாவுக்குத் தனி அடுப்பு, தனிப் பாத்திரம் என்று இருந்தது. அதை விட்டுவிடச் சொன்னார் டயட்டீஷியன். எல்லாருக்கும் உப்பைக் குறைத்து ஒரே குழம்பாக வையுங்கள், வேண்டியவர்கள் தட்டில் போட்டுக்கொள்ளட்டும் என்றார். அப்பா இப்போது எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். அம்மாவுக்கும் பி.பி. மாத்திரை உண்டு, உப்புக் குறைந்தது அவருக்கும் நல்லதுதான்.

இதே வகுப்பில்தான் நான் இன்னொன்றையும் பார்த்தேன், பார்த்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. எங்கள் ஷிஃப்டில் ஆண்களோடு மனைவியோ மகளோ வருகிறார்கள். பெண்கள் பல பேர் தனியாக பஸ்ஸில் வந்து, நாலு மணி நேரம் படுத்து, கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பிப் போகிறார்கள். அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டில் அக்கா ஒருவர் விடியற்காலையில் வீட்டுக்கே சமைத்து வைத்துவிட்டு வருவார், அவருக்கென்று உப்பில்லாமல் ஒரு கரண்டி எடுத்துவைக்க அந்த வீட்டில் ஆளில்லை. நம் நாட்டில் உயிரோடு இருக்கும்போது சிறுநீரகம் கொடுக்கிறவர்களில் பெண்கள்தான் அதிகம், கொடுக்கும்போது முன்னால் நிற்பவர்களுக்கு வேண்டியபோது கூட ஒருத்தர் வரக்கூடாதா? சென்டரில் அந்த அக்காவின் வீட்டுக்காரரைப் போன் போட்டு வரவழைத்தார்கள். முதல் தடவை முறைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் அவரையும் ஃபிஸ்டுலாவில் கை வைக்கச் சொன்னார். இப்போது சனிக்கிழமைகளில் அவர் வண்டியில் கூட்டிவந்து விடுகிறார். இந்த ஒரு காரியத்துக்காகவே இந்த சென்டருக்கு என் முழு மார்க்.

சுத்தம் பற்றிக் கேட்பீர்கள். ஒரு டயாலிசிஸுக்கு மெஷின் வழியாக 120 லிட்டர் அளவுக்குச் சுத்திகரித்த தண்ணீர் ஓடுகிறது, அதனால் ஆர்.ஓ. பிளாண்ட்தான் அடுப்படி மாதிரி முக்கியமான இடம், தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையைத் தேதியோடு வெளியே ஒட்டியிருக்கிறார்கள், நீங்களும் எங்கே போனாலும் கேட்டுப் பாருங்கள். ரத்தத்தைச் சுத்தம் செய்கிற ஃபில்டரை அதே ஆளுக்கே கழுவித் திரும்ப உபயோகிக்கிறார்கள், இது பல இடங்களில் உள்ள நடைமுறைதான், ஆனால் இணைப்பதற்கு முன்னால் அப்பாவிடம் காட்டி அவர் பெயரை அவரே வாய்விட்டுப் படித்த பிறகுதான் மாட்டுகிறார்கள். மஞ்சள் காமாலை பி தடுப்பூசி போட்டாயிற்றா என்று முதல் வாரமே பார்த்தார்கள், அந்தத் தொற்று உள்ளவர்களுக்குத் தனி அறை, தனி மெஷின்.

மழைக்காலத்துக்கு என்று ஒரு தாள் கொடுக்கிறார்கள், இதை வேறெங்கும் நான் பார்க்கவில்லை. 2015 வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இது, தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றால் டயாலிசிஸ் ஆளுக்கு அது உயிர்ப் பிரச்சினை. எச்சரிக்கை வந்தால் ஒரு நாள் முன்னதாகவே போன் செய்து போட்டுக்கொள்வது, வர முடியாமல் போனால் தண்ணீரை வழக்கத்தில் பாதியாக்குவது, பழம், கீரையை அறவே நிறுத்துவது, மாத்திரையும் நோட்டும் சீட்டும் பிளாஸ்டிக் பையில் தயாராக வைப்பது, மூச்சு வாங்கினாலோ நெஞ்சு படபடத்தாலோ காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுவது. போன ஐப்பசி மழையில் இது எங்களுக்குக் கைகொடுத்தது.

பணம். இங்கே ஒரு தடவைக்கு ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல், இரண்டாயிரத்துக்குள். ரத்தம் ஊறப் போடுகிற எரித்ரோபாய்டின் ஊசி தனி. பெங்களூரில் இருக்கிற தம்பி இந்தச் செலவைப் பார்த்துக்கொள்கிறான். முடியாதவர்கள் தயவுசெய்து டயாலிசிஸைக் குறைக்காதீர்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைகளில் போய்க் கேளுங்கள். 1993-ல் சென்னையில் தொடங்கிய டேங்கர் ஃபவுண்டேஷன் வசதியில்லாதவர்களுக்காகவே சென்டர்கள் நடத்துகிறது. வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே திரவத்தை மாற்றிக்கொள்கிற முறையும் இருக்கிறது, 2021-ல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதற்கான பைகளை வீட்டுக்கே கொடுக்கிறார்கள். தங்களுக்கு வருமானம் போகும் என்று பார்க்காமல் இந்த விவரத்தையெல்லாம் எங்களுக்குச் சொன்னதே இந்த சென்டர் ஆட்கள்தான். தமிழ்நாடு அரசின் உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டானில் மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்துவிட்டீர்களா என்று இப்போதும் நினைவுபடுத்துகிறார்கள்.

இனி குறைகள். லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடுகிறது, டயாலிசிஸ் முடிந்து தலை சுற்றுகிற ஆளைப் படியில் இறக்குவது நியாயமே இல்லை. ஐ.சி.யூ. கிடையாது, ஏதாவது ஆனால் ஆம்புலன்ஸில்தான் போக வேண்டும், இதய நோய் அதிகமாக உள்ளவர்கள் இதை யோசித்து முடிவு செய்யுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் கொடுத்த நம்பரை எடுக்க சில சமயம் நேரமாகிறது. ஃபிஸ்டுலா நின்றால் உடனே கூப்பிடுங்கள் என்று சொல்கிறவர்கள் இதைச் சரிசெய்தே ஆக வேண்டும். குளிர் அதிகம், போர்வை கொண்டுபோங்கள். வண்டி நிறுத்த இடம் கிடையாது. எங்களோடு வருகிற வடமாநிலத் தொழிலாளி ஒருவருக்கு நோட்டும் தாளும் தமிழில் இருப்பதால் பயனில்லை, டெக்னீஷியன் தனக்குத் தெரிந்த இந்தியில் சமாளிக்கிறார்.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, குடும்ப வகுப்பை வேலைநாளில் காலை பதினொரு மணிக்கு வைப்பது. சம்பளத்துக்குப் போகிறவர்கள் எப்படி வருவார்கள்? அம்மாக்களும் ரிட்டயரானவர்களும்தான் வருகிறார்கள், மகன்களும் மருமகன்களும் வருவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வையுங்கள் என்று நாங்கள் பத்துக் குடும்பம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம், அடுத்த மாதம் முடிவு சொல்வதாகச் சொன்னார்கள். மாற்றினால் இங்கேயே சேர்த்து எழுதுகிறேன். அயனாவரம் பக்கம் இருப்பவர்கள் எந்த சென்டர் என்று தனியாகக் கேட்டால் விலாசம் அனுப்புகிறேன். பார்க்கப் போனால் காலை ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் போய், படுத்து எழுந்தவர்களிடமே கேளுங்கள்.